இரவல் கையுறை

காணிப்பாக்கத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் புத்தலப்பட்டு வழியாகத் திருப்பதிக்குப் போகிறவர்கள், வேர்க்கடலை எடுத்து முடிந்த காலத்தில் சாலையோரக் கொல்லைகளில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் நடப்பதைப் பார்த்திருப்பார்கள். ஆள் குறைந்தால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே கீப்பர். பந்து வீசத் தெரியாதவன், ஓட முடியாதவன், அன்றைக்குத்தான் புதிதாக வந்தவன், இவர்களில் ஒருவன் ஸ்டம்புக்குப் பின்னால் போய் நிற்பான். தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஓடும் அந்த ஆட்டங்களில் கீப்பிங் என்பது யாருக்கும் பிடிக்காத மிச்ச வேலை. அடிக்கத் தெரிந்தவன் விஷயத்தில் மட்டும் இந்த ஏற்பாடு சிக்கலாகும். ஊரிலேயே தூரமாக அடிக்கிறவன் கீப்பராக நின்று இரண்டு பந்தைக் கோட்டை விட்டால், அடுத்த வாரம் அவனை எங்கே நிறுத்துவது என்று அரை மணி நேரம் வாக்குவாதம் நடக்கும்.

டெஸ்ட் அணித் தேர்விலும் நடப்பது இதே வாக்குவாதம்தான். மட்டையில் வலுவும் கையுறையில் சந்தேகமும் உள்ள ஒருவனை என்ன செய்வது என்ற கேள்வி இந்தியாவில் யாரைவிடவும் அதிகமாகப் புதி குந்தரனைச் சுற்றித்தான் சுழன்றது. 18 டெஸ்ட், 981 ரன், சராசரி 32.70, இரண்டு சதம், 23 கேட்ச், 7 ஸ்டம்பிங். இந்த எண்களை மட்டும் படிக்கிறவருக்கு இது ஒரு சுமாரான வாழ்க்கை. எண்களுக்கு நடுவில் உள்ள தேதிகளைச் சேர்த்துப் படித்தால் கதை வேறாகத் தெரியும்.

குந்தரன் 1939 அக்டோபர் 2 அன்று மங்களூருக்கு அருகே முல்கியில் பிறந்தவர், வளர்ந்தது பம்பாயில். 1960 புத்தாண்டு நாளில் பிரபோர்ன் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார். அப்போது அவர் ஒரு ரஞ்சி ஆட்டம்கூட ஆடியதில்லை. வீட்டில் இடம் போதாமல் அந்த டெஸ்டுக்கு முந்தைய இரவு பூங்காவில் போய்ப் படுத்தார் என்பார்கள். சொந்தமாக நல்ல கீப்பிங் கையுறை இல்லாததால், யாருடைய இடத்துக்கு வந்தாரோ அந்த நரேன் தம்ஹானேயிடமே இரவல் வாங்கி அணிந்து ஆடினார் என்பது அவரைப் பற்றிப் பலரும் சொல்லும் செய்தி. தம்ஹானே அந்தக் காலத்துச் சுத்தமான கீப்பர். 21 டெஸ்டில் 51 பேரை ஆட்டமிழக்கச் செய்தவர், அதில் 16 ஸ்டம்பிங். மட்டையில் அவருடைய சராசரி 10.22. அந்த நாளில் இதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. கீப்பர் பந்தைப் பிடிக்க வேண்டும், ரன் எடுக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஐம்பதுகளில் இந்திய அணிக்குக் கீப்பிங் செய்த பி. ஜி. ஜோஷியும் பத்து பதினோரு ரன் சராசரிக்காரர்தான்.

இந்த எதிர்பார்ப்புக்கு ஒரு நியாயமும் உண்டு. இந்தியாவில் கீப்பர் என்றால் பாதி நாளுக்கு மேல் சுழல் பந்துக்கு ஸ்டம்பை ஒட்டி நிற்பவர். வேகப்பந்துக்குப் பல அடி பின்னால் நின்றால் பந்தைப் பார்க்க நேரம் இருக்கும், தவறினாலும் திருத்திக்கொள்ளலாம். சுபாஷ் குப்தேயின் கூக்ளிக்கு மட்டைக்காரனின் முதுகுக்குப் பின்னால் குந்தியிருக்கும்போது, பந்து அவன் உடம்பின் மறைவிலிருந்து திடீரென்று வெளிவரும். மட்டையில் படுமா படாதா என்று தெரியாமலேயே கை அங்கே போயாக வேண்டும். சீக்கிரம் எழுந்துவிட்டால் தாழ்ந்த பந்து காலுக்கடியில் போகும். தாமதமாக எழுந்தால் துள்ளிய பந்து தோளில் அடிக்கும். இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறவனைக் கண்ணால் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். தவறு நடக்கும்போதுதான் அப்படி ஒருவன் அங்கே இருக்கிறான் என்பதே அரங்கத்துக்கு நினைவு வரும்.

ஸ்கோர் புத்தகமும் அரங்கத்தைப் போலத்தான். கீப்பர் பிடித்த கேட்ச்சுக்கும் ஸ்டம்பிங்குக்கும் இடம் உண்டு. விட்ட கேட்ச்சுக்குக் கட்டம் கிடையாது. பை என்ற ஒரு கணக்கு இருக்கிறது, ஆனால் ஆடுகளம் எகிறியதா, பந்து காலுக்கு வெளியே போனதா என்பதெல்லாம் அதில் தெரியாது. ஆக ஒரு கீப்பர் நல்லவரா என்பதைப் பார்த்தவர்களின் வாய்ச்சொல்தான் தீர்மானித்தது. தேர்வாளர் ஒருவர் உட்கார்ந்து பார்த்த நாளில் ஒரு எளிய கேட்ச் நழுவினால், அது பத்து வருஷம் கூடவே வரும். மட்டைக்காரனுக்கு இந்தப் பயம் இல்லை. அவன் பூஜ்யத்துக்கு ஆட்டமிழந்தால் அது எழுத்தில் இருக்கும், அதற்கடுத்து அடித்த நூறும் அதே பக்கத்தில் எழுத்தில் இருக்கும்.

குந்தரனின் கதை பெரும்பாலும் சென்னையில் நடந்த கதை. சித்தூர் மாவட்டம் 1953இல் ஆந்திரத்தோடு போய்விட்டாலும், எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு டெஸ்ட் பார்க்கப் பக்கத்து ஊர் சென்னைதான். காட்பாடியில் வண்டி மாறினால் போதும். அன்றைக்குச் சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடக்கவில்லை. பார்க் டவுனில், சென்ட்ரல் நிலையத்துக்குப் பின்புறம் இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நடந்தது. பம்பாய் டெஸ்டில் ஹிட் விக்கெட் ஆகி வெளியேறிய இருபது வயதுப் பையன், பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இந்த மைதானத்தில் தொடக்க ஆட்டக்காரனாக இறங்கினான். எதிரில் ரிச்சி பெனோவின் அணி. இந்தியா முதல் இன்னிங்ஸில் 149 ரன்னுக்குச் சுருண்டது. அதில் குந்தரன் எடுத்தது 71. கிட்டத்தட்டப் பாதி. இரண்டாவது இன்னிங்ஸில் 33. தோற்ற ஆட்டம்தான், ஆனால் அந்த வரிசையில் பயப்படாமல் அடித்த ஆள் ஒருவர் உண்டென்றால் அவர் கீப்பராக அணிக்கு வந்தவர். பிறகுதான் ரயில்வேஸ் அணிக்காக ரஞ்சியில் அறிமுகமானார். ஜம்மு காஷ்மீருக்கு எதிரான அந்த முதல் ரஞ்சி ஆட்டத்தில் 205 அடித்தார்.

இதற்குப் பிறகும் இடம் நிலையாக இல்லை. 1961 கடைசியில் இங்கிலாந்து வந்தபோது பம்பாயில் குந்தரன் கீப்பிங் செய்தார். கான்பூரில் நடந்த அடுத்த டெஸ்டில் ஃபரூக் இன்ஜினியர் அறிமுகமானார். இன்ஜினியரும் அடிக்கிறவர்தான், தொடரின் கடைசி டெஸ்டில் சென்னையில் 65 எடுத்தார். அன்றிலிருந்து ஆறு வருஷம் இந்தியாவில் கீப்பர் தேர்வு என்பது கிட்டத்தட்ட இந்த இருவருக்குமான இழுபறி. அந்த இழுபறியில் குந்தரன் எப்போதும் இரண்டாவது ஆள்.

1964 ஜனவரி 10. அதே கார்ப்பரேஷன் ஸ்டேடியம். மைக் ஸ்மித்தின் இங்கிலாந்து அணி. குந்தரன் தொடக்க ஆட்டக்காரனாக இறங்கி, முதல் நாள் முடிவில் 170 ஆட்டமிழக்காமல் நின்றார். மறுநாள் 192இல் போனார், 31 பவுண்டரி. விஜய் மஞ்ச்ரேக்கர் 108. இந்தியா ஏழு விக்கெட்டுக்கு 457 எடுத்து டிக்ளேர் செய்தது. உலகத்தில் அதுவரை ஒரு கீப்பர் ஒரே இன்னிங்ஸில் இதைவிட அதிகம் எடுத்தது ஒரே ஒரு முறைதான், 1955இல் லாகூரில் பாகிஸ்தானின் இம்தியாஸ் அகமது அடித்த 209. குந்தரனின் 192ஐ மிஞ்ச ஓர் இந்தியக் கீப்பருக்கு 49 வருஷம் ஆனது. 2013 பிப்ரவரியில் தோனி ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 224 அடித்தார். அதுவும் சென்னையில், சேப்பாக்கத்தில்.

அந்த 1964 டெஸ்டைக் கிரிக்கெட் பிரியர்கள் இன்று வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். பாபு நட்கர்னி 32 ஓவர் வீசி 5 ரன் மட்டும் கொடுத்தது அந்த ஆட்டத்தில்தான். அதில் 27 மெய்டன், 21 ஓவர் தொடர்ச்சியாக மெய்டன், வரிசையாக 131 பந்தில் ரன்னே இல்லை. இங்கிலாந்தின் பாலஸும் பாரிங்டனும் மட்டையைக் குறுக்கே வைத்துத் தடுத்துத் தடுத்துக் களைத்தார்கள். நட்கர்னி வலைப்பயிற்சியில் காசை வைத்து அதன்மேல் பந்தைப் போடுவார் என்ற கதை இந்த ஆட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. சரி, அந்த 131 பந்துக்கும் ஸ்டம்புக்குப் பின்னால் குந்தி எழுந்து, குந்தி எழுந்து, பந்துக்குக் காத்திருந்தவர் யார்? பை ஓடினாலும் அது நட்கர்னியின் கணக்கில் ஏறாதுதான், ஆனாலும் அத்தனை பந்துக்கும் பின்னால் ஒருவர் நின்றாக வேண்டும்.  கையுறையில் சந்தேகம் என்று பேர் வாங்கிய குந்தரன்தான் அங்கே இருந்தார். நட்கர்னியின் சாதனையைப் பற்றி வந்த எழுத்தில் இந்தப் பெயர் எத்தனை முறை வருகிறது என்று தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நானும் தேடியிருக்கிறேன். பெரும்பாலும் இரண்டும் தனித்தனிப் பத்தியில் இருக்கும், முதல் நாள் அடித்தவரும் பின்னால் நின்றவரும் இரண்டு ஆட்கள் என்பதுபோல.

அந்தத் தொடரில் டெல்லியிலும் ஒரு சதம் அடித்தார். ஐந்து டெஸ்டில் மொத்தம் 525 ரன். ஒரே டெஸ்ட் தொடரில் இந்தியக் கீப்பர் ஒருவர் எடுத்த அதிகபட்சம் இன்றும் அதுதான். 2025 கோடையில் இங்கிலாந்தில் ரிஷப் பந்த் லீட்ஸில் இரண்டு இன்னிங்ஸிலும் சதமடித்து, மான்செஸ்டரில் காலில் எலும்பு முறிந்த பிறகும் நொண்டிக்கொண்டே இறங்கி ஆடி, 479இல் நின்றார்.

நியாயமாகச் சொல்வதென்றால் அந்த 525க்கு எதிர்வாதமும் உண்டு. ஐந்து டெஸ்டும் டிரா. ஆடுகளம் எல்லாம் மட்டைக்காரர்களுக்குப் படுக்கை. இங்கிலாந்துக்காரர்கள் வயிற்றுக் கோளாறாலும் காயத்தாலும் பதினொரு பேரைத் தேற்றவே திண்டாடினார்கள். எனவே, அடித்தது பெரிதல்ல என்று ஒரு தேர்வாளர் சொன்னால் முற்றிலும் தவறென்று தள்ள முடியாது. ஆனால் அடுத்து நடந்ததற்கு அது போதுமான விளக்கமா?

அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியா வந்தது. முதல் டெஸ்ட் சென்னையில், அதே கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில். ஒன்பது மாதத்துக்கு முன் 192 அடித்த இடம். கையுறை போட்டுக்கொண்டு இறங்கியவர் இந்திரஜித்சிங். அந்தத் தொடரின் மூன்று டெஸ்டிலும் அவர்தான் கீப்பர். குந்தரனுக்கு ஒன்றில்கூட இடமில்லை. இந்திரஜித்சிங் தன் வாழ்நாளில் ஆடியது நான்கு டெஸ்ட், எடுத்தது 51 ரன். பம்பாயில் இரண்டு விக்கெட்டில் இந்தியா வென்றபோது சந்து போர்டேக்குத் துணையாக மறுமுனையில் கடைசிவரை நின்றவர் அவர், அதை மறைக்கக் கூடாது. இருந்தாலும் 525 ரன் எடுத்தவனை உட்கார வைத்துவிட்டு இன்னொருவரை நிறுத்த வேண்டுமென்றால், அந்த இன்னொருவரின் கை எத்தனை ரன்னை மிச்சப்படுத்த வேண்டும் என்ற கணக்கை யாராவது போட்டிருக்க வேண்டும். போட முடியாது. அதற்கு வேண்டிய எண்ணே அன்று எங்கும் பதிவாகவில்லை. ஆக ஒரு பக்கம் 525 என்று எழுதிய தாள், மறுபக்கம் அவர் கை சுத்தம் என்ற பேச்சு. பேச்சு ஜெயித்தது.

இந்த இடத்தில் பேஸ்பாலுக்குப் போவது பயனுள்ளது. அங்கே கீப்பருக்கு இணையான ஆள் கேட்ச்சர். முகமூடியும் மார்புக்கவசமும் போட்டு, அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்தி, 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பாலிருந்து வரும் பந்தை வாங்குகிறவர். எந்தப் பந்தை வீச வேண்டும் என்று விரல் சாடையால், பந்து வீசுகிற பிட்ச்சருக்குச் சொல்லி வந்ததும் அவரே. எதிரணி ஓட்டக்காரன் முதல் தளத்திலிருந்து இரண்டாம் தளத்துக்குத் திருட்டோட்டம் ஓடினால், குந்திய நிலையிலிருந்து எழுந்து 127 அடி தூரத்துக்கு இரண்டு வினாடிக்குள் பந்தை எறிய வேண்டும். கிரிக்கெட்டைவிட அங்கே கணக்கு வெறி அதிகம். பிழைக்குக் கட்டம் உண்டு. நழுவவிட்ட பந்துக்குக் கட்டம் உண்டு. திருட்டோட்டக்காரர்களில் எத்தனை பேரை மடக்கினார் என்பதற்குச் சதவீதம் உண்டு. அப்படியானால் அங்கே கேட்ச்சருக்கு அநியாயம் நடந்திருக்காது என்று நினைக்கத் தோன்றும்.

மைக் பியாஸா 1988 தேர்வில் 62ஆவது சுற்றில் 1,390ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். அதுகூட லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் மேலாளர் டாமி லசோர்டா, பியாஸாவின் அப்பாவுக்கு நண்பர் என்பதால் நடந்த உபகாரம். கல்லூரியில் அவர் முதல் தளக்காரர். கேட்ச்சராக மாற்றினால்தான் மட்டைக்கு ஓர் இடம் கிடைக்கும் என்று மாற்றினார்கள். டொமினிகன் குடியரசில் டாட்ஜர்ஸ் நடத்திய பயிற்சிக்கூடத்துக்குப் போய், ஸ்பானிஷ் பேசும் பையன்களோடு குந்திப் பழகினார். 1993இல் முதல் முழுப் பருவம்: 35 ஹோம் ரன், 112 ரன்னுக்குக் காரணம், சராசரி .318. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம். 1997இல் .362 சராசரியில் 40 ஹோம் ரன். ஓய்வு பெறும்போது மொத்தம் 427 ஹோம் ரன், அதில் 396 கேட்ச்சராக இருந்து அடித்தவை. கார்ல்டன் ஃபிஸ்கின் 351 என்ற பழைய உச்சத்தை 2004இல் தாண்டியிருந்தார்.

ஆனால் எறிதலில் கை பலவீனம். திருட்டோட்டக்காரர்களில் நூற்றுக்கு 23 பேரைத்தான் மடக்கினார். அன்றைய பொதுக்கணக்கு சுமார் 30. எதிரணிகள் அவர் இருக்கும் நாளில் கூசாமல் ஓடினார்கள். தொலைக்காட்சியில் பந்து இரண்டாம் தளத்தில் துள்ளித் தாமதமாகச் சேர்வதை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அடிக்கத் தெரியும், கேட்ச் பண்ணத் தெரியாது என்ற ஒரே வாக்கியம் அவர்மீது ஒட்டிக்கொண்டது. 2004இல் நியூயார்க் மெட்ஸ் அணி அவரைக் கேட்ச்சர் இடத்திலிருந்து எடுத்து முதல் தளத்துக்கு அனுப்பிப் பார்த்தது. அங்கே இன்னும் மோசம்.

பிறகு ஒன்று நடந்தது. 2008 வாக்கில் அமெரிக்காவின் பெரிய மைதானங்கள் எல்லாவற்றிலும் பந்தின் பாதையை அளக்கும் கேமராக்கள் வந்துவிட்டன. மைக் ஃபாஸ்ட் என்ற ஆய்வாளர் 2011இல் அந்தத் தரவை வைத்து, கேட்ச்சர் பந்தை வாங்கும் விதத்தில் நடுவரின் தீர்ப்பு எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிட்டார். எல்லையை ஒட்டி வரும் பந்தைக் கை ஆடாமல் அமைதியாக வாங்குகிற கேட்ச்சருக்கு நடுவர் ஸ்ட்ரைக், அதாவது வீசியவருக்குச் சாதகமான தீர்ப்பு, கொடுக்கிறார், கையை உதறி வாங்குகிறவருக்குக் கொடுப்பதில்லை. ஓர் ஆட்டத்துக்கு ஒன்றிரண்டு பந்துதான், ஆனால் ஒரு பருவம் முழுதும் கூட்டினால் திருட்டோட்டத்தைத் தடுப்பதைவிடப் பல மடங்கு பெரிய மதிப்பு. இந்த முறையைப் பழைய பதிவேடுகளுக்கும் நீட்டிப் பார்த்தவர்கள் ஒரு வேடிக்கையான முடிவுக்கு வந்தார்கள். பியாஸா பந்தை வாங்குவதில் சராசரிக்கு மேலானவர். எறிதலில் இழந்ததை வாங்குதலில் திருப்பிக் கொடுத்தவர். ரமோன் மார்ட்டினெஸ் 1995இலும் ஹிதியோ நோமோ 1996இலும் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் வீசிய ஆட்டங்களில் சாடை காட்டிப் பந்து வாங்கியவரும் அவரே. நட்கர்னியின் மறுமுனை எனக்கு நினைவுக்கு வந்தது இதைப் படித்தபோதுதான். 2016இல் பியாஸா பேஸ்பாலின் புகழ் மண்டபத்துக்குள் போனார், நான்காவது முயற்சியில்.

கணக்கு எல்லோரையும் காப்பாற்றவில்லை. பிட்ஸ்பர்க் அணியின் ரையன் டூமிட்டும் அடிக்கத் தெரிந்த கேட்ச்சர்தான். ஃபாஸ்டின் ஆய்வில் பந்து வாங்குவதில் கடைசி வரிசையில் வந்தார். மட்டை கொடுத்ததைக் கை சத்தமில்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டிருந்தது. அதே பட்டியலின் உச்சியில் ஹோசே மோலினா, மட்டையில் சாதாரணமானவர். ஆக மட்டைக்காரக் கீப்பர்கள் எல்லோரும் அநியாயமாகத் தண்டிக்கப்பட்டவர்கள் என்று ஒரு கட்சி கட்ட முடியாது. ஒரே மாதிரி பேர் வாங்கிய இருவரில் ஒருவருக்கு அந்தப் பேர் பொருந்தியது, மற்றவருக்குப் பொருந்தவில்லை. அளக்கும்வரை இரண்டையும் பிரித்தறிய வழி இல்லை. குந்தரன் இதில் எந்தப் பக்கம் என்பதற்கு அவர் காலத்தில் கேமரா இல்லை. எனக்கு ஓர் ஊகம் உண்டு. அது ஊகம்தான்.

கிரிக்கெட்டில் தராசு சாய்ந்தது கணக்கினால் அல்ல, ஒரு மனிதரால். 1999 நவம்பரில் பிரிஸ்பேனில், இயான் ஹீலியின் சொந்த ஊரில், அவருடைய இடத்தில் ஆடம் கில்கிறிஸ்ட் இறங்கினார். உள்ளூர்க்காரர்களுக்குக் கோபம். கில்கிறிஸ்ட் 96 டெஸ்டில் 47.60 சராசரியில் 5,570 ரன் எடுத்துவிட்டுப் போனபோது, உலகத்தின் எல்லாத் தேர்வாளர்களும் தங்கள் ஊர் கில்கிறிஸ்ட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். குந்தரனை வெளியே உட்கார வைத்த அளவுகோல் தலைகீழானது.

தலைகீழானதன் அடியை எங்கள் ஆந்திர அணிக்காரர் ஒருவரே வாங்கினார். விசாகப்பட்டினத்து கோனா ஸ்ரீகர் பரத். 2015இல் ஓங்கோலில் கோவாவுக்கு எதிராக 308 அடித்து, ரஞ்சியில் முச்சதம் எடுத்த முதல் கீப்பர் ஆனவர். ஆக மட்டை தெரியாதவர் அல்ல. ஆனாலும் இந்திய அணிக்கு அவரைக் கொண்டுவந்தது கையுறை. 2021 நவம்பரில் கான்பூரில் விருத்திமான் சாஹாவுக்குக் கழுத்துப் பிடிப்பு. பரத் மாற்றாளாக இறங்கி, நியூசிலாந்துக்கு எதிராக இரண்டு கேட்ச்சும் ஒரு ஸ்டம்பிங்கும் செய்தார். தாழ்ந்து சுழலும் ஆடுகளம், வீசியவர்கள் அஸ்வினும் அக்சர் படேலும். வில் யங்கின் கேட்ச்சை நடுவர் ஒப்புக்கொள்ளாதபோது மறுபரிசீலனை கேட்கும்படி கேப்டனை வற்புறுத்தியதும் அவர்தான். ஸ்கோர் அட்டையில் மாற்றாள் என்றுதான் விழுந்தது. மாற்றாளாகச் செய்தவை என்பதால் அந்த மூன்றும் அவருடைய டெஸ்ட் கணக்கில் இல்லை.

பந்த் கார் விபத்தில் சிக்கிய பிறகு, 2023 பிப்ரவரியில் நாக்பூரில் பரத்துக்கு அந்தத் தொப்பி கிடைத்தது. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நான்கு டெஸ்ட், ஓவலில் உலக டெஸ்ட் இறுதி, அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்கு எதிராக ஹைதராபாத்தும் சொந்த ஊர் விசாகப்பட்டினமும். மொத்தம் ஏழு டெஸ்ட், 221 ரன், அதிகபட்சம் 44. ராஜ்கோட்டில் துருவ் ஜுரெல் அறிமுகமானார், ராஞ்சியில் 90 அடித்தார், அத்தோடு முடிந்தது. பரத் கைவிட்ட ஆட்டம் என்று எதையும் யாரும் சொல்லவில்லை. 1955 என்றால் தம்ஹானேயைப் போல இருபது டெஸ்ட் ஆடியிருப்பார். குந்தரன் 2024இல் இருந்திருந்தால் அவரும் தொட முடியாத ஆளாக இருந்திருப்பார். இருவரும் தப்பான தசாப்தத்தில் பிறந்தவர்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அப்படிச் சொல்வது தேர்வாளர்களைச் சும்மா விட்டுவிடுகிறது. இரண்டு காலத்திலும் செய்தது ஒன்றே. எளிதில் கண்ணுக்குப் படுகிற எதுவோ அதை முழு ஆளாக எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு நழுவிய பந்து கண்ணுக்குப் பட்டது, இன்றைக்கு எடுக்காத ரன்.

குந்தரன் திரும்ப வந்தார். 1966 டிசம்பரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகப் பம்பாயில் 79 அடித்தார். கல்கத்தாவிலும் ஆடினார். மூன்றாவது டெஸ்ட் சென்னையில், இந்த முறை சேப்பாக்கத்தில். அங்கே இன்ஜினியரை இறக்கினார்கள். ஹால், கிரிஃபித், சோபர்ஸ், கிப்ஸ் என்ற வரிசைக்கு எதிராக இன்ஜினியர் உணவு இடைவேளைக்குள் 94 எடுத்து, 109இல் முடித்தார். அந்தக் காலைப்பொழுதோடு இழுபறி தீர்ந்தது. இன்ஜினியர் மொத்தம் 46 டெஸ்ட் ஆடி 31.08 சராசரியில் ஓய்வு பெற்றார். குந்தரனின் சராசரி அதைவிட ஒன்றரை ரன் அதிகம் என்பதை ஓர் ஓரக்குறிப்பாகச் சொல்லி வைக்கலாம். இன்ஜினியரைக் குறைத்துச் சொல்வதற்காக அல்ல. ஸ்டம்பை ஒட்டி நின்று சந்திரசேகரின் பந்தை வாங்க அந்தத் தலைமுறையில் அவரைவிடத் தகுந்த ஆள் இல்லை.

1967 கோடையில் இங்கிலாந்து போன அணியில் இருவரும் இருந்தார்கள். லார்ட்ஸில் கையுறை இன்ஜினியரிடம், குந்தரன் வெறும் மட்டைக்காரர். இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா 110க்குச் சுருண்டபோது அதில் 47 அவருடையது. 1960இல் சென்னையில் செய்ததைப் போலவே. அடுத்தது எட்ஜ்பாஸ்டன். பிரசன்னா, பேடி, சந்திரசேகர், வெங்கட்ராகவன் என்ற நான்கு சுழல் பந்துக்காரர்களையும் ஒரே அணியில் இறக்கிய டெஸ்ட். புதுப் பந்தைத் தேய்க்க ஆள் இல்லை. பட்டோடி பந்தைத் தூக்கிக் குந்தரனிடம் கொடுத்தார். நீ வீசுவது இன்ஸ்விங்கா அவுட்ஸ்விங்கா என்று கேப்டன் கேட்டதற்கு, எனக்கே தெரியாது, வீசினால்தான் தெரியும் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார் என்பது இந்தியக் கிரிக்கெட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. நாலு ஓவர் வீசினார், விக்கெட் இல்லை. கீப்பராக வந்தவர் கடைசி டெஸ்டில் தொடக்கப் பந்துவீச்சாளர். புத்தலப்பட்டுக் கொல்லையில் ஆள் குறைந்தால் நடக்கிற ஏற்பாடு.

பிறகு மைசூர் அணிக்குச் சில ஆண்டு ஆடினார். 1970இல் ஸ்காட்லாந்துக்குப் போய் டிரம்பெல்லியர் கிளப்பின் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார், கால் நூற்றாண்டு அங்கேயே ஆடினார், எண்பதுகளில் பென்சன் அண்டு ஹெட்ஜஸ் கோப்பையில் ஸ்காட்லாந்து அணிக்கும் இறங்கினார். மழையும் ஈரமுமான அந்தக் கிளப் மைதானங்களில் தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் எல்லாம் செய்ய வேண்டும். மட்டையா கையுறையா என்று யாரும் கேட்கவில்லை. 2006 ஜூன் 23 அன்று கிளாஸ்கோவில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அவர் 192 அடித்த கார்ப்பரேஷன் ஸ்டேடியம் தொண்ணூறுகளில் இடித்துக் கட்டப்பட்டது. இப்போது அங்கே கால்பந்தும் தடகளமும் நடக்கின்றன.